நெடுநாள் நின்ற புல்வெட்டி



இவ்விதழ் தங்கள் கைகளை அடையும் வேளையில் ஆனித் திங்கள் பிறந்திருக்கும். கோடை மழை இரண்டு பெய்தாலும் போதும். நம் தங்கவயலில் பள்ளி மைதானங்களிலும், கோயில் வெளிகளிலும், கல்லறைத் தோட்டங்களிலும், ஆட்கள் வெளியேறிய பழைய குடியிருப்புகளைச் சுற்றியும் புல் முழங்கால் உயரத்துக்கு எழுந்துவிடும். மார்கழியில் சாக்குப் போட்டு மூடி மூலையில் நிறுத்திய புல்வெட்டும் இயந்திரத்தை மக்கள் தேடும் காலம் இதுவே. தேடி எடுத்துக் கயிற்றை இழுத்தால் இயந்திரம் வாய் திறப்பதில்லை. பத்து முறை இழுக்கிறோம். இருபது முறை இழுக்கிறோம். தோள் வலிக்கிறதேயன்றி இயந்திரம் உயிர் பெறுவதில்லை.

இது குறித்து எழுதுமாறு கேட்போர் இரு திறத்தினர். ஒரு திறத்தினர் இங்கேயே உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இருப்போர்; புல் வெட்டுவதைக் கூலித் தொழிலாகக் கொண்டோர். மற்றொரு திறத்தினரின் பிள்ளைகளும் பெண்களும் கனடாவிலும் பிற குளிர் நாடுகளிலும் குடியேறியிருப்பவர்கள். அங்கே ஐப்பசி முதல் பங்குனி வரையில் பனியும் குளிருமாதலின் புல்வெட்டி கொட்டகையில் உறங்கும். இங்கே அது கோடையில் உறங்குகிறது. அங்கே குளிர்காலத்தில் உறங்குகிறது. காலம் வேறாயினும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஆதலின் இருவர்க்கும் சேர்த்தே இத்திங்கள் எழுதுகிறோம்.

முதலில் இவ்வியந்திரத்தின் வரலாற்றைச் சிறிது அறிவோம். இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரில் எட்வின் பட்டிங் என்ற பொறியாளர் வாழ்ந்தார். அவ்வூர்த் துணி ஆலைகளில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக் கொண்டிருக்கும் இழைகளை ஒரே மட்டமாகச் சீவும் உருளைக் கத்தி ஒன்று இருந்தது. துணியைச் சீவும் கத்தி புல்லையும் சீவாதா என்று அவர் சிந்தித்தார். 1830-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அன்று அதனை மனிதர் தள்ளினர். பின்னர்க் குதிரைகள் இழுத்தன. இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனத்தார் 1902-ஆம் ஆண்டில் பெட்ரோலால் இயங்கும் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

அதே 1902-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் இறுதியில்தான் காவிரியின் சிவசமுத்திர அருவியினின்று ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே மின்சாரம் நம் தங்கவயலுக்கு வந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்களுக்காக வந்த மின்சாரம் அது. அக்காலத்தில் துரைமாரின் பங்களாக்களையும் கிளப்பையும் சுற்றிப் பசும்புல் தரைகள் இருந்தன. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோர் வாழ்ந்த வரிசை வீடுகளின் முன்னே புல்தரைக்கு இடமேது? துரைமாரின் புல்லைச் சீராக வைத்த கைகள் மட்டும் நம்மவர் கைகளாக இருந்தன.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசிடமும், 1962-இல் இந்திய அரசிடமும் வந்தன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனம் ஆயின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின்னர் நம் மக்களில் பெரும் பகுதியினர் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் ரயிலேறிப் பெங்களூருக்கு உழைக்கச் செல்கின்றனர். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தோட்டங்களிலும், கம்பெனி வளாகங்களிலும் புல் வெட்டுவோர் உண்டு. இங்கேயே தோளில் மாட்டும் புல்வெட்டி ஒன்றைத் தவணையில் வாங்கிப் பள்ளிக்கும் சபைக்கும் நாட்கூலிக்குச் செல்வோரும் உண்டு. அத்தகைய குடும்பத்துக்கு முதல் மழைக்குப் பின் வரும் இரண்டு வாரங்களே ஆண்டின் நல்ல வருமான நாட்கள். அந்நாட்களில் இயந்திரம் எழாவிடில் வேலை அடுத்தவரிடம் போய்விடும். போன வேலை அம்மழைக்காலம் முழுவதும் திரும்பி வாராது. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், பார்க்குமுன்பே கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்று கூறும் இடங்களும் இருக்கின்றன. பல சமயங்களில் மாற்ற வேண்டுவது யாதும் இல்லை. கழுவ வேண்டுவதே உண்டு. இதனை நம் இல்லத்தார் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயந்திரம் வேலை செய்து கெடுவதைவிட நின்று கெடுவதே மிகுதி. ரயில் பாதையருகே வாழும் நமக்கு இது புதிதன்று. நாள்தோறும் வண்டி ஓடும் தண்டவாளத்தின் தலை வெள்ளிபோல் மின்னும். பக்கத்தில் வண்டி போகாத கிளைப் பாதையின் தலை சில நாட்களில் செந்துரு ஏறிவிடும். இரும்பு இரண்டும் ஒன்றே. ஓட்டம் ஒன்றே வேறுபாடு.

ஆனால் புல்வெட்டியில் கெடுவது முதலில் இரும்பன்று, பெட்ரோலே. பெட்ரோல் ஒரே பொருள் போலத் தோன்றினும் பல பொருள்களின் கலவையாகும். அதில் எளிதில் ஆவியாகும் பகுதிகளே குளிர்ந்த இயந்திரத்தில் முதற்பொறியைப் பற்றிக்கொள்பவை. இயந்திரம் நிற்கும்போது அவை முதலில் பறந்துவிடுகின்றன. எஞ்சியவை காற்றோடு கலந்து நாளடைவில் பிசினாக மாறுகின்றன. அப்பிசின் முதலில் தேன் நிறமாகவும், பின்னர் வார்னிஷ் பூசியது போலவும் கார்புரேட்டரின் உள்ளே படிகிறது. பெட்ரோல் புகும் ஜெட் என்னும் துளையோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. அது அடைபட எவ்வளவு பிசின் வேண்டும்?

இதனோடு எத்தனால் என்னும் சாராயமும் சேர்ந்துள்ளது. 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் பெங்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டுக்குள் அக்கலப்பு நாடெங்கும் பரவியது. எத்தனாலால் நன்மைகள் உண்டு; ஆயினும் அது ஈரத்தை விரும்பி ஈர்க்கும் பொருள். தொட்டியின் மூடி வழியே புகும் காற்றின் ஈரத்தைச் சிறிது சிறிதாகக் குடிக்கும். ஈரம் ஓரளவைக் கடந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றுகூடிப் பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கும். இயந்திரம் உறிஞ்சுவது அடியிலுள்ளதை ஆதலின், அதற்குக் கிடைப்பது நீரே. அலுமினியப் பகுதிகளில் வெண்பொடி பூப்பதும் இதனாலேயே. 10 சதவிகிதத்துக்கு மேற்பட்ட எத்தனால் வேண்டா என்று பல சிறு இயந்திரங்களின் கையேடுகள் கூறுகின்றன. ஆனால் நமக்குப் பம்பில் கிடைப்பது 20 சதவிகிதக் கலவையே. ஆகவே அதனைத் தேக்கி வையாமல், வாங்கியதை அவ்வப்போது தீர்த்துவிடுவதே நம்மால் இயன்ற வழி. ஒரு திங்களுக்கு மேற்பட்ட பெட்ரோலை நம்பலாகாது என்று கொள்க. குளிர் நாடுகளிலும் 10 சதவிகித அளவில் எத்தனால் கலப்பது பெருவழக்கமாதலின் அங்குள்ளோர்க்கும் இது பொருந்தும்.

இனி, எழுப்பும் முறையைப் படிப்படியாகக் கூறுவோம்.

முதலாவது, இடம். இயந்திரத்தை வெட்டவெளிக்குக் கொண்டு வருக. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி, பீடி ஆகிய எதுவும் அருகில் இருத்தல் கூடாது. குழந்தைகள் எட்ட நிற்கட்டும். பின்னர், பிளக்கின் தலையில் மாட்டியுள்ள தடித்த கம்பியின் தொப்பியை இழுத்து அகற்றி, அது மீண்டும் பிளக்கைத் தொடாதவாறு ஒதுக்கி வைக்க. இதைச் செய்யாமல் கத்தியின் பக்கம் கையைக் கொண்டு போகவே கூடாது. கத்தியைக் கையால் திருப்பினால் இயந்திரமும் திரும்பும். திரும்பினால் ஒருகால் பற்றிக்கொள்ளும். விரல் போனால் எவ்வளவு கூலி வந்தும் பயனில்லை.

இரண்டாவது, கண்ணால் பார்த்தல். நம் ஊரில் மண்குளவி பொல்லாதது. புகைக்குழாயின் வாயிலும், காற்றுத் துளைகளிலும் மண்கூடு கட்டிவிடும். குளிர் நாட்டில் எலி அவ்வேலையைச் செய்யும்; குளிர்விக்கும் விசிறியின் மூடிக்குள் வைக்கோலும் பஞ்சும் சேர்த்துக் கூடமைக்கும். இயந்திரம் எழுந்தாலும் இக்கூடு காற்றைத் தடுத்துச் சூடேற்றிக் கெடுத்துவிடும். குச்சியாலும் தூரிகையாலும் யாவற்றையும் அகற்றுக. பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாயை விரலால் வளைத்துப் பார்க்க. வெடிப்புக் கண்டால் மாற்றுக; விலை சிறிது.

மூன்றாவது, தங்கள் இயந்திரம் எவ்வகை என்று அறிதல். ஆயில் ஊற்றத் தனி மூடி இருப்பின் அது நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம். அதற்குத் தனிப் பெட்ரோலே போதும். தனி மூடி இல்லையாயின் அது இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கலக்கும் அளவு தொட்டியின் மேலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். 50-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. கண் மட்டத்தில் ஊற்றுவது தவறு. மருந்துப் புட்டியின் மூடியோ அளவுக் குவளையோ கொண்டு அளக்க. ஆயில் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து இறுகும். மிகுந்தால் பிளக் கருகும்.

நான்கு ஸ்ட்ரோக் இயந்திரமாயின் அளவுக்கோலை எடுத்து ஆயிலைப் பார்க்க. கருத்திருந்தாலும், பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தாலும் மாற்றுவதே நன்று. தள்ளும் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் அரை லிட்டர் அளவு கொள்ளும். தோளில் மாட்டுவதற்கு இதனினும் மிகக் குறைவு. கோட்டுக்கு மேல் ஊற்றற்க. இயந்திரத்தைச் சாய்க்க நேர்ந்தால் ஏர் ஃபில்டர் உள்ள பக்கம் மேல்நோக்கி இருக்குமாறே சாய்க்க. இல்லையேல் ஆயில் ஃபில்டரில் இறங்கி, இல்லாத நோயைப் புதிதாக உண்டாக்கும்.

நான்காவது, பழைய பெட்ரோலை வெளியேற்றல். தொட்டியில் உள்ளதை ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது வடித்துச் சில நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்க. அடியில் வேறு நீர்மம் தனித்து நின்றால் நீர் சேர்ந்துள்ளது என்க. நிறம் மங்கி, வார்னிஷ் நாற்றம் அடித்தால் பிசின் பிறந்துவிட்டது. இரண்டில் எதுவாயினும் தொட்டி முழுவதையும் காலி செய்க. புதிய பெட்ரோலை அதன்மேல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டா. வடித்த பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது, அடுப்புக்கும் பயன்படுத்தலாகாது. மூடியுள்ள தகர டின்னில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் சேர்ப்பிக்க. வெளிநாட்டில் இதற்கென நகராட்சி இடம் ஒதுக்கியிருக்கும்.

ஐந்தாவது, ஏர் ஃபில்டர். கடற்பஞ்சு போன்றதாயின் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தி, சில துளி ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுக. காகிதத்தாலானதாயின் நீர் படலாகாது. தரையில் மெல்லத் தட்டித் தூசை உதிர்க்க. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். இல்லையேல் மாற்ற வேண்டும்.

ஆறாவது, பிளக். அதற்குரிய ஸ்பானரால் கழற்றுக. முனை கருகியிருந்தால் பித்தளைத் தூரிகையால் தேய்த்துத் துடைக்க. இரு முனைகளுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான புல்வெட்டிகளில் முக்கால் மில்லிமீட்டர் அளவே. கையேட்டில் உள்ள அளவே முடிவானது. பிளக்கைக் கழற்றிய துளை வழியே ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல மூன்று நான்கு முறை இழுக்க. நெடுநாள் உலர்ந்திருந்த பிஸ்டனுக்கு இஃது எண்ணெய்க் குளியல். முகத்தைத் துளைக்கு நேரே வைக்காதிருப்பது நலம். கயிறு அசையவே இல்லையெனில் பலம் காட்ட வேண்டா. கத்தியில் காய்ந்த புல் இறுகியிருக்கலாம். அல்லது உள்ளே துரு பிடித்திருக்கலாம். முதலாவதை நாம் நீக்கலாம். இரண்டாவதற்கு மெக்கானிக்கே தக்கவர்.

ஏழாவது, சோதனை. பிளக்கை மாட்டி, தொப்பியைப் பொருத்தி, அன்று வாங்கிய புதிய பெட்ரோலைக் கால் லிட்டர் மட்டும் ஊற்றுக. சோக் உள்ள இயந்திரமாயின் அதனை மூடுக. ரப்பர்க் குமிழ் உள்ளதாயின் கையேட்டில் சொன்ன அளவு அழுத்துக. ஐந்து முறை இழுக்க. எழுந்தால் மகிழ்ச்சி. எழாவிடில் ஆறாவது முறை இழுக்க வேண்டா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது புல்வெட்டிக்கென்றே சொன்னது போலும். பிளக்கை மீண்டும் கழற்றி அதன் முனையைப் பார்க்க. இயந்திரம் தன் நோயை அங்கே எழுதி வைத்திருக்கும்.

முனை ஈரமாயிருந்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று அது மிகுதியாக வந்து மூழ்கடித்திருக்கிறது, அல்லது பொறி பிறக்கவில்லை. பிளக்கைத் துடைத்து உலர்த்தி, கால் மணி நேரம் காற்றாட விட்டு, சோக்கைத் திறந்து வைத்து மீண்டும் இழுக்க. மறுபடியும் எழாவிடில் புதிய பிளக் ஒன்றை மாட்டிப் பார்க்க. அதற்கும் அசையாவிடில் காயில், கம்பி முதலியவற்றைத் தேர்ந்தவர் பார்க்கட்டும்.

முனை உலர்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. நெடுநாள் நின்ற இயந்திரங்களில் மிகப் பலவற்றின் நோய் இதுவே. இங்கேதான் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும்.

தள்ளும் புல்வெட்டிகளில் கார்புரேட்டரின் அடியில் சிறு கிண்ணம் ஒன்று இருக்கும். அதனுள்ளே மிதவை மிதக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைப்பது போன்றதே அதன் வேலை. தொப்பியை மீண்டும் பிளக்கினின்று அகற்றிவிட்டு, பெட்ரோல் குழாயை அடைத்து, கீழே ஒரு தட்டை வைத்து, கிண்ணத்தின் அடியிலுள்ள ஒரே திருகாணியைக் கழற்றுக. கிண்ணம் கையோடு வரும். அதன் விளிம்பிலுள்ள ரப்பர் வளையத்தைத் தொலைத்துவிட வேண்டா. கிண்ணத்தின் அடியில் பச்சைக் களிம்போ, வெண்பொடியோ, தேன் போன்ற பிசினோ இருக்கும். கார்புரேட்டர் கழுவும் நீர்மத்தால் அதனைத் துடைத்தெடுக்க. அது கண்ணில் படாதவாறு கண்ணாடி அணிந்து கொள்க. பல இயந்திரங்களில் அத்திருகாணியே ஜெட்டாகவும் அமைந்திருக்கும். அதன் நடுவிலும் பக்கத்திலும் நுண்துளைகள் காணப்படும். அதனை வானத்துக்கு நேரே பிடித்துத் துளை வழியே நோக்குக. வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் துளை சுத்தம். தெரியாவிடில் நோய் அகப்பட்டுவிட்டது.

துளையைத் திறக்க ஊசியோ குண்டூசியோ எடுக்க வேண்டா. எஃகு பித்தளையைக் கீறித் துளையைப் பெரிதாக்கிவிடும். பின்னர் இயந்திரம் எப்பொழுதும் மிகைப் பெட்ரோலைக் குடித்துக் கரும்புகை கக்கும். பழைய மின்கம்பியின் தோலை உரித்தால் மயிரிழை போன்ற செம்பு இழைகள் வரும். அவற்றுள் ஒன்றே போதும். மெல்ல நுழைத்துத் திருப்பி எடுத்து, நீர்மம் தெளித்துக் கழுவுக. பின்னர் யாவற்றையும் கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டுக. கழற்றும்போது ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது ஐயம் எழாது.

தோளில் மாட்டும் புல்வெட்டிகளுக்கு இக்கிண்ணம் இல்லை. எப்பக்கம் சாய்த்தாலும் இயங்க வேண்டியவையாதலின் அவற்றில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய ரப்பர்த் தகடு துடிக்கிறது. எத்தனாலும் காலமும் அத்தகட்டை விறைப்பாக்கிவிடும். விறைத்த தகட்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றவே வேண்டும். ஆயினும் முழுக் கார்புரேட்டரையும் மாற்ற வேண்டுவதில்லை; தகடும் வாஷரும் தனியே பொட்டலமாகக் கிடைக்கின்றன. கடைக்குச் செல்வோர் இதனைக் கேட்டு வாங்குக. அதற்கு முன் தொட்டிக்குள் குழாயின் நுனியில் தொங்கும் சிறு வடிகட்டியையும் பார்க்க. அது அடைபட்டிருந்தாலும் அறிகுறி இதுவே.

எழுந்த இயந்திரம் முதலில் வெண்புகை விடும். நாம் உள்ளே விட்ட ஆயில் எரிவதே அது. சில நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் கொட்டகைக்குள்ளோ தாழ்வாரத்திலோ அடைத்து வைத்து ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. அறியாமலே உயிரை வாங்கவல்லது. குளிர் நாட்டு நேயர்கள் இதனைச் சிறப்பாகக் கருத்தில் கொள்க. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் அங்கே உண்டு.

பத்து நிமிடம் ஓடி நின்று ஆறிய பின், பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கத்தியைப் பார்க்க. மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும். கழற்றி அரத்தால் தீட்டுக. ஒரு பக்கம் மிகுதியாகத் தேய்ந்தால் கத்தி எடை மாறி இயந்திரம் நடுங்கும். சுவரில் அடித்த ஆணியில் கத்தியின் நடுத்துளையை மாட்டிப் பார்த்தால் எப்பக்கம் கனம் என்பது தெரியும். திருகாணியை நன்கு முறுக்கிய பின்னரே வேலைக்குச் செல்க.

இவ்வளவு வேலையையும் அடுத்த ஆண்டு தவிர்க்க ஒரு வழி உண்டு. உறங்க வைக்கும்போதே முறையாக உறங்க வைப்பதே அது. நம் ஊரில் பொங்கலுக்குள் இதைச் செய்க. குளிர் நாட்டில் முதற்பனிக்கு முன் செய்க. தொட்டியை வடித்துவிட்டு, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓட்டுக. கிண்ணத்தில் வடிதிருகு இருந்தால் எஞ்சிய துளியையும் வடிக்க. ஆயிலை மாற்றுக. பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை இருமுறை இழுத்து, பிளக்கை மாட்டுக. கத்தியின் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுக. புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, அதனை எடுக்க மறவாதபடி சிவப்பு நூல் ஒன்று தொங்கவிடுக. செய்த நாளைச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் கட்டுக. அரை மணி நேர வேலை.

ஆயுத பூசையன்று நம் இல்லங்களில் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். சமயம் வேறாயினும் உழைக்கும் கருவியை மதிக்கும் பண்பு தங்கவயல் மக்கள் யாவர்க்கும் பொதுவானது. சந்தனம் இடும் கையால் அன்றே ஆயிலையும் பார்த்து, ஃபில்டரையும் கழுவினால் அப்பூசை நிறைவு பெறும். வீட்டுத் தாய்மாரும் பெண்மக்களும் இவ்வேலைகளைக் கற்க வேண்டும் என்றும் கேட்டுக் கொள்கிறோம். இதில் பலம் வேண்டுவது கயிறு இழுப்பதற்கு மட்டுமே. மற்றவற்றுக்கு வேண்டுவது பொறுமையும் துப்புரவும். கணவர் அதிகாலை ரயிலில் போய்விட, பகலில் வீட்டிலிருப்பவர் பிளக்கைத் துடைத்து ஃபில்டரை உலர்த்தி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு குடும்பத்துக்கு மிச்சமாகும்.

நம் ஊரின் பெரிய இயந்திரங்கள் 2001-இல் நின்றன. நீர் இறைக்கும் பம்புகளும் நின்றமையால் சுரங்கங்களில் நீர் ஏறியது. அவற்றை நிறுத்தும்போது நம்மை எவரும் கேட்கவில்லை. மீண்டும் ஓட்டும் வலிமையும் நம்மிடம் இல்லை. வீட்டு மூலையில் நிற்கும் சிறு இயந்திரம் அவ்வாறன்று. அதனை நிறுத்துவதும் எழுப்புவதும் நம் கையிலேயே உள்ளன. அதற்கு வேண்டுவன ஒரு ஸ்பானர், ஒரு செம்பு இழை, கால் லிட்டர் புதுப் பெட்ரோல், ஒரு மாலை நேரம். பழுது என்று கூறிப் பழைய இரும்புக்காரரிடம் எடை போடுமுன் இவற்றைச் செய்து பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். செய்து பார்த்தோர் தம் அனுபவத்தை எழுதியனுப்பினால் பிறர்க்கும் பயன்படும். எந்த இயந்திரம், எத்தனை திங்கள் நின்றது, நோய் எங்கே இருந்தது என்ற மூன்றையும் குறிப்பிடுக.

அடுத்த திங்களில், மழைக்காலத்தில் வீட்டு மின்கம்பிகளைப் பாதுகாக்கும் முறைகளைப் பற்றி எழுதுவோம்.